ஏழாம் மாடியிலிருந்து சொல்லாமல் போனது பற்றி

கொக்குவில் மேற்கு,
செவ்வாய்க்கிழமை.

என்மேல் என்றும் அன்பு மாறாத, இந்தக் கிழமை மட்டும் சற்று மாறியிருக்கிற பெரியம்மா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் மகன் ஹரிசன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே தாங்களும் பெரியப்பாவும் சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. ஆனால் அதைக் கேட்கிற தகுதியை ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணியோடு நான் இழந்துவிட்டேன் என்று அம்மா சொல்கிறார். ஆகவே கேட்கவில்லை. மனதுக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் உங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கி, வேளைக்குப் பதினைந்து இடியப்பம் வீதம் சாப்பிட்டு, உங்கள் துவாயில் முகம் துடைத்து, கடைசியில் போய்விட்டு வருகிறேன் என்று, ஒரு "போட்டு வாறன்" கூடச் சொல்லாமல் வெளியேறிவிட்டேன். அப்படிப் புறப்படுவது செத்த வீட்டிலிருந்து மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அதுவும் பெரியப்பாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை, கைநரம்பு வழியாக இருதயத்துக்கு வயர் விட்டுப் பார்க்கிற பரிசோதனை இருக்கும்போது செய்திருக்கிறேன். நான் செய்த அபசகுனம் கழியும்வரை அவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க விடமாட்டேன் என்று நீங்கள் டொக்டர் தந்த பைலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியோடு சேர்த்துக் கொழுவியிருப்பதாகவும் அறிந்தேன்.

அறிந்தேன் என்றால் ஒருமுறை அல்ல. எங்கள் ரயில் ராகமையைத் தாண்டுவதற்குள் அம்மாவின் போன் வந்தது. பொல்காவலையில் அப்பா. மாகோவில் திருநெல்வேலி மாமி. அனுராதபுரத்தில் ரயில் நின்ற நேரத்துக்குள் கனடாவிலிருந்து சின்னம்மா. அங்கே அப்போது நடுச்சாமமாம், நித்திரையால் எழும்பி எடுத்தவராம். "என்னடா, அக்கா வீட்டைச் செத்த வீடாக்கிப் போட்டு ரயில் ஏறிட்டியாம்?" என்றார். பக்கத்தில் இருந்த என் கூட்டாளி இப்திகார், "மச்சான், சிக்னல் இல்லாத காட்டுக்குள்ள போற நேரம் மட்டும்தான் உனக்கு நிம்மதி" என்று சொல்லி எனக்கு ஒரு கடலை வடை தந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த போனை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் போனில் மன்னிப்புக் கேட்காமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் கேட்கத்தான் எடுத்தேன். உங்கள் போனும் பெரியப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கும் என்பதால் அவர்தான் கதைத்தார். "இதெல்லாம் போனில சொல்லுற விசயமில்லை தம்பி. எழுத்தில வரவேணும். வந்ததில இருந்து போனதுவரைக்கும் ஒண்டும் விடாமல் எழுது. அவசரப்படாத, ஆறுதலா எழுது. எழுதி முத்திரை ஒட்டிச் சாதாரண தபாலில போடு" என்றார். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்தவர் சொல்லும்போது எதிர்த்துக் கதைக்க முடியுமா? எனவே முதலிலிருந்து தொடங்குகிறேன். நடந்ததை முழுக்க வாசித்தபின் எனக்குத் தண்டனை தாருங்கள்.

உயர்தரப் பரீட்சை முடிந்தபின் எனக்கும் இப்திகாருக்கும் கொழும்பைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தது. அனுமதி தருகிறபோது அம்மா மூன்று நிபந்தனை போட்டார். பெரியம்மா வீட்டில்தான் தங்க வேண்டும், கடைச் சாப்பாடு கூடாது, கண்டவரிடமெல்லாம் கேள்வி கேட்கக் கூடாது. முதல் இரண்டும் இலகு. மூன்றாவது என்னால் ஏலாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு வயதில் உங்கள் கலியாணப் படத்தைப் பார்த்து, பெரியப்பா இதில் ஏன் அழுகிறார் என்று சபையில் கேட்டவன் நான். எதையாவது கண்டால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காவிட்டால் அன்று எனக்குச் சாப்பாடு செமிக்காது.

இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பியது ஒரே ஒரு இடம். ஆறு கடலில் விழுகிற இடம். மாரியில் ஓடிக் கோடையில் காணாமல் போகிற வழுக்கையாற்றைத் தவிர நம் பக்கத்தில் ஆறு ஏது? பத்து வருடமாகப் படத்தில் நீலக் கோடு போட்டு மட்டும் பழகியவன். களனி கங்கை முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது என்று புத்தகத்தில் இருந்தது. சேருகிற இடத்தில் எது ஆறு, எது கடல் என்று எப்படித் தெரியும்? நல்ல தண்ணீர் எந்த இடத்தில் உப்புத் தண்ணீராக மாறும்? இதை நான் புவியியல் ஆசிரியரிடம் கேட்டபோது, இது பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் வந்து இறங்கியதும் பெரியப்பா ஆளுக்கொரு தாள் தந்தார். கம்பியூட்டரில் அடித்து, கீழே கையொப்பமும் வைத்திருந்தார். "கொழும்பு நகர தரிசனம்" என்று தலைப்பு. மொத்தம் பதினான்கு இடங்கள். அதில் பன்னிரண்டு நம் சொந்தக்காரர் வீடு. மற்ற இரண்டும் கோயில். இப்திகார் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"பெரியப்பா, இதில முகத்துவாரம் இல்லையே?" என்றேன்.

"முகத்துவாரத்தில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஆறு கடலில விழுகிறதைப் பார்க்க."

"ஆறு எப்பவும் விழும். தெகிவளை மாமா அப்பிடியில்லை. நீ கொழும்புக்கு வந்தும் தன்னைப் பார்க்காமல் போனனி எண்டு தெரிஞ்சால் அடுத்த நன்மை தின்மைக்கு எங்கட வாசலுக்கு வரமாட்டார்."

சொந்தக்காரர் இல்லாத இடம் பெரியப்பாவின் கொழும்பில் இல்லை என்று அப்போது விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். அதாவது புறப்படத் தொடங்கினோம். ஊரில் படலையைத் திறந்து ஒழுங்கையில் கால் வைக்கும்போது எதிரில் யார் வருகிறார் என்று பார்ப்பது வழக்கம். ஏழாம் மாடியில் படலையும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. ஆகவே நீங்கள் லிப்டின் கதவைப் படலையாக வைத்திருக்கிறீர்கள். பொத்தானை அமத்திவிட்டு எல்லோரும் வாய் பேசாமல் நிற்க வேண்டும். கதவு திறந்து உள்ளேயிருந்து யார் வருகிறாரோ, அவர்தான் அன்றைய சகுனம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை பெரியம்மா. ஊரை ஏழு மாடி உயரத்துக்குத் தூக்கி வந்து வைத்திருக்கிறீர்களே என்று ஆச்சரியமாக இருந்தது. முதல்முறை திறந்தபோது கட்டடம் கூட்டித் துடைக்கிற பழனிமுத்து அண்ணை வெறும் வாளியோடு நின்றார். "வெறும் வாளி! உள்ளுக்கு வாங்கோ பிள்ளையள், இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றீர்கள். இருந்தோம், குடித்தோம். இரண்டாம் முறை நான் தும்மினேன், ஒரு கிளாஸ். மூன்றாம் முறை இப்திகார் போனை மறந்து திரும்பி வந்தான், இன்னொரு கிளாஸ். நாலாம் முறை லிப்டில் வந்த ஐந்தாம் மாடி ஐயா, "எங்க எல்லாரும் வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டுவிட்டார். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கலாமா? திரும்பவும் உள்ளே, திரும்பவும் தண்ணீர். நாலு கிளாஸ் தண்ணீர் குடித்தவர்கள் அடுத்ததாக எங்கே போவார்கள்? ஐந்தாவது தாமதம் அதனால் வந்தது. இதற்கிடையில், லிப்டுக்குள் நிற்கிறவர் எங்களுக்குச் சகுனம் என்றால் வெளியே நிற்கிற நாங்கள் அவருக்கு என்ன சகுனம் என்று ஒரு சந்தேகம் வந்து கேட்டேன். "கேள்வி கேட்டபடி வெளிக்கிடக்கூடாது" என்று சொல்லி மறுபடி இருத்திவிட்டீர்கள். கீழே இறங்கும்போது மணி ஒன்பது நாற்பது.

பெரியப்பா முன்னால் நடந்தார். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். இந்த மருந்துக் கடை முந்திப் புடவைக் கடையாக இருந்தது. இந்த வாய்க்கால் போய்க் கடலில் சேருகிறது. இந்த வீட்டுக்காரர் லண்டன் போய்விட்டார். ஒரு பூட்டிய கடைக்கு முன்னால் நின்று அதன் பூட்டைப் பற்றியே ஐந்து நிமிடம் சொன்னார். இந்த மனிதருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நான் வாயைப் பிளந்தேன். கடற்கரையோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு கல்லில் இருந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. அப்போதுதான் விளங்கியது, அவர் நின்றதெல்லாம் பூட்டுக்காகவும் வாய்க்காலுக்காகவும் அல்ல, மூச்சு வாங்குவதற்காக. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தண்ணீர் வாங்கி வரட்டுமா என்று இப்திகார் கேட்டான்.

"வேண்டாம், வீட்டில குடிச்சதே இன்னும் கிடக்கு" என்றார் பெரியப்பா. பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாற வெள்ளிக்கிழமை உள்ளுக்கு வயர் விட்டுப் பார்க்கப் போறாங்கள். அடைப்பு எங்க இருக்கெண்டு படத்தில தெரியுமாம்" என்றார்.

"எவ்வளவு நீளமான வயர் பெரியப்பா? கையால போகிற வயர் நெஞ்சுக்குப் போகிற வழியை எப்பிடி அறியும்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கடலைப் பார்த்தார். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன. அவை ஏன் அங்கேயே நிற்கின்றன என்று பேச்சை மாற்றினேன். துறைமுகத்திலிருந்து அழைப்பு வரும்வரை நிற்குமாம், சிலது நாட்கணக்காக நிற்குமாம். "உன்ர பெரியம்மாவோட லிப்டுக்கு முன்னால நிக்கிற மாதிரித்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அதன்பிறகுதான் அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது.

அன்று ஐந்து வீடு பார்த்தோம். ஐந்து வீட்டிலும் தேத்தண்ணீர், ஐந்து வீட்டிலும் பரீட்சையில் எத்தனை ஏ வரும் என்ற விசாரணை. மத்தியானம் ஜும்மாத் தொழுகைக்குப் போகிறேன் என்று இப்திகார் இரண்டு வீட்டைத் தப்பிக்கொண்டான். திரும்பி வந்தவனைப் பார்த்து, "தம்பி எவடம்?" என்று ஒரு மாமா கேட்டார். யாழ்ப்பாணம் சோனகத் தெரு என்றான். அவ்வளவுதான். மாமா இளமையில் சைக்கிள் வாங்கிய கடை இப்திகாருடைய மூத்தவாப்பாவின் கடை என்று தெரியவந்து, இருவரும் அந்தச் சைக்கிளின் மணியைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். நான் யாருடைய மகன் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

இனிமேல் எழுதுவது முழுக்க என் குற்றங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசியுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பழனிமுத்து அண்ணையைப் படிக்கட்டில் கண்டேன். "தம்பி, அம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சிங்க. நம்ம வாளியால ஒங்க பயணம் கெட்டுப்போச்சு" என்று வருத்தப்பட்டார். நான் ஒன்று கேட்டேன். வெறும் வாளி கூடாதென்றால், நிறைந்த வாளி நிறைகுடத்துக்குச் சமம்தானே? அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "நாளைக்குக் காலையில எத்தன மணிக்கிங்க?" என்றார். சனிக்கிழமை எட்டு மணிக்கு லிப்டு திறந்தபோது அவர் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த வாளியோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றதையும், நீங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக எங்களை வழியனுப்பியதையும் இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று நான்கே நிமிடத்தில் தெருவுக்கு வந்துவிட்டோம். பெரியப்பாவுக்கு அலுப்பு, அவர் வரவில்லை. தெகிவளை மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, தெகிவளைக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம்.

கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனைக்குள்ளால் நெரிபட்டு முகத்துவாரம் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் மாதா கோயில், நடுவில் மீன் பெட்டிகள், வலை காயப்போட்ட சுவர்கள். ஒழுங்கையால் போய்க் கடைசி வீட்டின் பின்பக்கம் வந்ததும் ஆறு தெரிந்தது பெரியம்மா. நான் நினைத்ததைவிட அகலம், நினைத்ததைவிட மெல்ல வந்தது. தேத்தண்ணீர் நிறத்தில் வந்து கடலுக்குள் போனது. உடனே கலந்துவிடவில்லை. கொஞ்சத் தூரம் வரைக்கும் இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில், பஸ்ஸில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் போல இடித்துக்கொண்டு நின்றன. கோடு அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது, பத்து வருடமாகக் கேட்ட கேள்வி கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இப்திகார் சொன்னபடி பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம்.

நிறம் எங்கே மாறுகிறது என்று கண்டாயிற்று. உப்பு எங்கே தொடங்குகிறது என்று எப்படி அறிவது? கரையோரமாக நடந்து, பத்து அடிக்கு ஒருமுறை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். படகுக்குப் பக்கத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, தாகமுன்னா கடையில போத்தல் விக்குது" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த ஊசி விழுந்துவிட்டது. "ஒரே இடத்தில நிக்காது அது. கடல் ஏறினா அந்தா அந்தப் பாலம் வரைக்கும் உப்பு. மழை பேஞ்சா வெளிய கடல்லயே நல்ல தண்ணி. நீ எந்த நேரம் நக்கினா என்ன?" என்றார். ஆசிரியர் சொல்லாததை அவர் நாலு வசனத்தில் சொன்னார். அதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். நக்கிய விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

அங்கிருந்து மாளிகாவத்தைக்குப் போய் இப்திகாரின் லுத்பியா மாமி வீட்டில் சாப்பிட்டோம். கடைச் சாப்பாடு கூடாது என்பது நிபந்தனை, இது வீட்டுச் சாப்பாடு, ஆகவே இதில் மட்டும் என்மேல் குற்றமில்லை. ஒரே ஸஹன் தட்டில் இப்திகாரோடு சேர்ந்து சாப்பிட்டேன். என் பக்கத்துச் சோறு குறையக் குறைய மாமி அவன் பக்கத்திலிருந்து இறைச்சியைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். "சாப்பிடுங்க மகன், கூச்சப்படாம" என்றார். சாப்பிட்டு எழும்பி, போய்விட்டு வருகிறோம் என்றோம். "அல்லாட காவல். போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்! ஒரு நிமிடத்துக்குள் நாங்கள் படியில் நின்றோம். இவ்வளவு கெதியாகவும் ஒரு வீட்டிலிருந்து புறப்படலாமா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன், மாமி கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று பின்னேரம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தெகிவளை மாமா வீட்டில் என்ன தந்தார்கள் என்று கேட்டு, கொத்தமல்லி அவித்துத் தந்து, உப்பு மிளகாய் சுற்றித் தீயில் போட்டு, வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, "எவ்வளவு நாவூறு!" என்று கண் கலங்கினீர்கள். நாவூறு இல்லை பெரியம்மா, அது களனி கங்கை. தெகிவளை மாமாமேல் நீங்கள் கோபமாக இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். விடிகிற நேரத்து ரயில். வெள்ளிக்கிழமை கீழே இறங்க ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. ரயில் அதுவரை நிற்காது. பழனிமுத்து அண்ணை ஞாயிறு வேலைக்கு வரமாட்டார். எழுப்பிச் சொன்னால் நீங்கள் லிப்டுவரை வருவீர்கள், யாராவது தும்முவார்கள், பிறகு தண்ணீர். ஆகவே யோசித்து, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, நீங்கள் இருவரும் நித்திரையாக இருக்க, பெரியப்பாவின் குறட்டைச் சத்தம் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க, கதவை மெல்லத் திறந்து, லிப்டையும் தவிர்த்து, ஏழு மாடியும் படியால் இறங்கி ஓடினோம். ஐந்தாம் மாடியில் நின்று, திரும்பி ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வருவோமா என்று நான் கேட்டேன். திரும்பி வந்தால் அதற்கும் இருந்து தண்ணீர் குடிக்க வேணும் என்று இப்திகார் ஞாபகப்படுத்தினான். இதுதான் நடந்தது. இதில் எதையும் மறைக்கவில்லை.

பெரியம்மா, உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். நான் செய்த பிழைக்குப் பெரியப்பாவின் பரிசோதனையை நிற்பாட்ட வேண்டாம். அவர் ஐம்பது அடிக்கு ஒருமுறை நிற்பதை நான் கண்ணால் கண்டவன். அன்று சொல்லாததை இன்று எழுத்தில் சொல்கிறேன். போட்டு வாறன் பெரியம்மா. போட்டு வாறன். வெள்ளிக்கிழமை முழுவதற்கும் போதும்படியாக இன்னொருமுறை, போட்டு வாறன். இதற்குச் சாட்சியாக இப்திகாரும் கீழே கையொப்பம் வைக்கிறான். அவனும் சொல்லாமல்தான் வந்தவன். ஆனால் அவன்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்றும், அந்தப் பிள்ளை தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவியது என்று நீங்கள் புகழ்ந்ததாகவும் கேள்விப்பட்டேன். நானும் கழுவினேன் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

உங்கள் இரண்டு பேரின் காலையும் தொட்டு, தலையில் குட்டு வாங்கக் குனிந்து நிற்கிற,

உங்கள் பிள்ளை
ஹரிசன்.

சாட்சி: இப்திகார்.

பி.கு.

பெரியம்மா, இது கடிதத்தின் பின்குறிப்பு. ஆனால் கடிதத்துக்கு முன்னால் உங்களிடம் வருகிறது. கடிதம் பெரியப்பா சொன்னபடி சாதாரண தபாலில் வருகிறது, வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். வந்ததும் அவர் உறையை உடைத்து உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஆகவே இந்தத் தாளை மட்டும் அம்மா உங்களுக்கென்று இடித்த மிளகாய்த்தூள் போத்தலுக்குள் வைத்து, இன்றிரவு பஸ்ஸில் வருகிற இப்திகாரின் சாச்சா ஸஹாப்தீனிடம் கொடுத்துவிடுகிறேன். நாளைக் காலை கொண்டுவந்து தருவார். குசினிப் போத்தல் எதையும் பெரியப்பா திறப்பதில்லை. கண் எரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதியிருப்பது முழுப் பொய். நாங்கள் சொல்லாமல் போகவில்லை. விடிய ஐந்து மணிக்கு அறைக்கு வெளியே வந்தபோது பெரியப்பா விளக்குப் போடாமல் ஹோலில் இருந்தார். குறட்டை உங்களுடையது. இரவு முழுக்க நித்திரை இல்லை என்றார். கதவை அவர்தான் திறந்துவிட்டார். "பெரியப்பா, போட்டு வாறம்" என்று இரண்டு பேரும் சொன்னோம். "ஓம், போட்டு வாங்கோ" என்று வடிவாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, "டேய், பெரியம்மா கேட்டால் சொல்லாமல் போனதெண்டே இருக்கட்டும்" என்றார். பகிடி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ரயிலில் போன் வரத் தொடங்கியபின்தான், அது பரிசோதனையை உங்கள் கையால் நிற்பாட்டுவதற்கு என்று விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடு வந்து போன் எடுத்தபோது அவரிடம் நேராகவே கேட்டேன். "பெரியப்பா, பயமா?"

"பயமில்லை" என்றார். "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அறிய எனக்கு ஆசையில்லை. உனக்குத்தான் எல்லாத்தையும் அறியோணும். எனக்கு வேண்டாம்."

சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்தேன். அதை இப்போது உடைக்கிறேன். அவர் இனி என்னோடு கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை, அவர் இருக்க வேண்டும்.

அவரை ஏச வேண்டாம் பெரியம்மா. உங்களுக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ள வேண்டாம். அலுமாரியைத் திறந்து பைலை எடுத்து மேசையில் வையுங்கோ. நல்ல கனவு கண்டதாக ஏதாவது சொல்லுங்கோ, உங்களுக்குச் சொல்லத் தெரியும். வெள்ளிக்கிழமை நீங்களும் கூடப் போங்கோ. ஆஸ்பத்திரியில் ஒரு கதவுக்கு அப்பால் உங்களை உள்ளே விடமாட்டார்கள். அந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகப் பார்ப்பார், எனக்கு அவரைத் தெரியும். கையைப் பிடித்து நிற்பாட்டுங்கோ. உங்கள் முகத்தைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று அவர் வாயால் சொல்லும்வரை விடவே வேண்டாம்.